அடிக்கல் முதல் குடிபூரல் வரை: எங்கள் வீட்டைக் கட்டின பாஸ் எப்படி?

பெரிய தங்கச்சி புது வீட்டில் குடிபூரி ஒரு வருடமாகிறது. யார் கட்டினது, ஆள் எப்படி, காசு எப்படி என்று மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் வீடு கட்டப்போகிற நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். குடிபூரல் அன்றைக்கே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். அடுத்த மாதம் எழுதியிருந்தால் இரண்டுதான். இந்த வருட மழையும் வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பொறுத்திருந்து இப்போது நாலு போடுகிறேன். பாஸின், அதாவது வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்த தலைமை மேசனின், பெயரைப் போடவில்லை, அவரே வேண்டாம் என்றார், இருக்கிற வேலையையே முடிக்க முடியவில்லையாம்.

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்கு. அப்பா இல்லையென்றால் அண்ணன்காரன் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தன் கல்யாணத்தைப் பற்றியே யோசிக்கலாம். எனக்கு இரண்டு தங்கச்சிமார். 20 பேர்ச் வளவு, 1,100 சதுர அடி வீடு, ஓட்டுக் கூரை, முன் போர்ட்டிகோவுக்கும் குளியலறைக்கும் மேலே மட்டும் கொங்கிரீட் சிலாப். சாமான் எல்லாம் நாங்கள் எடுத்துக் கொடுப்பது, கூலிக் கொந்தராத்து மட்டும் அவருக்கு.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். இரண்டு பேர் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லி முற்பணம் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். இவர் மட்டும் ஒரு சீ.ஆர். கொப்பியும் (தடித்த மட்டை போட்ட நோட்டுப் புத்தகம்) பஞ்சாங்கமும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, மேசன் வேலைக்கு ஆள் தேடினால் சாத்திரியார் வந்திருக்கிறாரே என்று. அவர் சொன்னது இதுதான்: "தம்பி, நாள் ஐயர் தரட்டும். அந்த நாளைக்கு முதல் என்னென்ன முடிஞ்சிருக்கணும் எண்டத நான் எழுதித் தாறன். முடியாட்டிக் காசு தர வேணாம்."

கொப்பியில் ஐந்து சடங்கு, ஐந்து கொடுப்பனவு. அடிக்கல்லுக்கு 10 வீதம், நிலை வைக்கும்போது 25, சிலாப்புக்கு 20, முகடு ஏற்றினால் 25, குடிபூரலுக்கு மிச்சம் 20. ஒவ்வொரு நாளுக்கும் கீழே அந்த நாளைக்கு முதல் முடிய வேண்டிய வேலைகள் வரிசையாக. நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு திட்டம் என்றால் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் கையெழுத்து வாங்குவார்கள், அப்படியும் இழுபடும். இங்கே கையெழுத்துக்குப் பதில் தேங்காய் உடைப்பது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, கையெழுத்தைப் பின் தேதி போட்டு வாங்கலாம், சொந்தக்காரர் அறுபது பேருக்குச் சொல்லிவிட்ட நாளை அப்படிச் செய்ய முடியாது.

முதலில் நாள். வாஸ்து புருஷன் வருடத்தில் எட்டு நாள்தான் கண் விழிப்பார் என்பது பஞ்சாங்கக் கணக்கு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. அதுவும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் பல் துலக்கி, குளித்து, பூசை செய்து, சாப்பிட்டு, வெற்றிலையும் போடுகிறார், ஒவ்வொன்றுக்கும் 18 நிமிடம். சாப்பாட்டுக்கும் வெற்றிலைக்கும் உரிய கடைசி 36 நிமிடத்தில் கல்லை வைக்க வேண்டும். (எங்கள் மாமாவிடம் காசு கேட்பதற்கும் அதுதான் நேரம்.)

அம்மா கார்த்திகை 8 என்று பிடிவாதமாக நின்றார். அது நவம்பர் 24 அளவில் வரும். 1978இல் சூறாவளி மட்டக்களப்பை அடித்தது நவம்பர் 23 இரவு. வாஸ்து புருஷன் கண் விழித்துப் பார்க்க அந்த வருடம் எங்கள் ஊரில் பாதி வீட்டுக்குக் கூரை இருந்திருக்காது. இதை நான் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம், பாஸ் சொன்னபோது கோபமில்லை, ஏனென்றால் அவர் சூறாவளியைப் பற்றிப் பேசவில்லை, மணலைப் பற்றிப் பேசினார். கரையோர மணலில் மழைகாலத்தில் அத்திவாரம் வெட்டினால் இரண்டடியிலேயே தண்ணீர் வரும், கிடங்கின் சுவர் சரியும், மோட்டார் வைத்து இறைத்தால் தண்ணீரோடு மணலும் வரும். தை 12க்கும் ஈரம் வற்றியிருக்காது. மாசி 22, மார்ச் முதல் வாரம், அதுதான் சரி என்றார். பஞ்சாங்கத்துக்குள்ளேயே நின்றுகொண்டு மழையைத் தாண்டிவிட்டார். ஐயரும் சம்மதித்தார், அம்மாவும் சரி என்றார்.

ஆனால் அந்த நாளுக்கு அவர் போட்ட நிபந்தனைகள் லேசானவை அல்ல. பிரதேச சபை அனுமதித்த பிளான் கையில் இல்லாமல் ஐயருக்கு நாள் உறுதி சொல்லக்கூடாது. நில அளவையாளரை வைத்து எல்லைக் கல் நாலும் கண்டிருக்க வேண்டும். முதல் நாள் பின்னேரமே கயிறு கட்டி, மூலையெல்லாம் செங்கோணமா என்று 3-4-5 கணக்கில் பார்த்து, மூலைவிட்டம் இரண்டையும் நாடா வைத்து அளந்து, எனக்கும் காட்டினார். மணல், கருங்கல், சீமெந்து எல்லாம் வளவுக்குள் வந்திருந்தன. காலையில் ஈசான மூலையில் பூசை, நவதானியம், பால், பஞ்சலோகத் துண்டு, வீட்டார் ஒவ்வொருவராகக் கல் வைத்தோம். அம்மா, மாமா, நான், தங்கச்சிமார். கடைசியாகப் பக்கத்து வளவுக்காரரையும் கூப்பிட்டு ஒரு கல் வைக்கச் சொன்னார் பாஸ். எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த மனிசனுக்கும் எங்களுக்கும் வேலிப் பிரச்சினை பத்து வருடமாக இருக்கிறது. எல்லைக் கயிறு கட்டியிருக்க, எல்லோரும் பார்க்க, கையில் மஞ்சளோடு வந்து கல் வைத்துவிட்டுப் போனவர் பிறகு எங்கே வந்து ஒரு அடி உள்ளே வந்துவிட்டாய் என்று சொல்வது? இன்றுவரை வாயே திறக்கவில்லை.

நிலை வைத்த நாளைப் பற்றி இன்னும் நிறையச் சொல்லலாம், இந்த வீட்டில் எனக்குப் பிடித்த நாள் அது. முதிரை மரத்தில் வாசல் நிலை, ஓடாவி, அதாவது தச்சர், வேறு ஆள், பாஸுக்கும் அவருக்கும் அவ்வளவு ஒத்துவராது. வாசல் நிலையை நிறுத்த வேண்டுமென்றால் வீட்டுத் தளம் முடிந்த பிறகு எந்த உயரத்தில் வரும் என்று அதற்கு முதலே தெரிந்திருக்க வேண்டும், டைல்ஸ் போடுவதா சீமெந்துத் தளமா, என்ன தடிப்பு, முன்னால் எத்தனை படி, இதெல்லாம். மற்ற வீடுகளில் இந்தப் பேச்சு கடைசியில்தான் வரும், வந்ததும் கதவை அரிந்துகொண்டிருப்பார்கள். இங்கே நாள் குறித்தாயிற்று என்பதால் நாங்கள் மூன்று நாள் சண்டை பிடித்து எல்லாவற்றையும் முடிவெடுத்தோம். மட்டத்தை அவர் ரோட்டில் இருந்து எடுத்தார், தார்க் கார்பெட் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து வீடெல்லாம் பள்ளத்துக்குப் போகிற காலம் இது. பக்கத்து வீட்டுச் சுவரில் பழைய வெள்ளம் நின்ற கறையையும் ரியூப் மட்டம் வைத்துப் பார்த்து அதற்கு மேலே ஒன்றரை அடி வைத்தார்.

அன்றைக்குக் காலை ஐயர் மணியை எடுத்துவிட்டார், நிலைக்கு மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டியாயிற்று. எங்கள் மாமா திருக்கோவில் என்கிற ஊரில் இருந்து வந்திருந்தார், ஓவசியராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் குண்டுநூல் பையில் இருக்கும். சும்மா பிடித்துப் பார்த்தவர் "இரண்டு நூல் சாய்வு" என்றார், அதாவது கால் அங்குலம். எல்லோரும் அமைதி. ஓடாவி பாஸைப் பார்க்கிறார், பாஸ் ஓடாவியைப் பார்க்கிறார். நல்ல நேரம் முடிய இருபது நிமிடம். பாஸ் ஒன்றும் பேசாமல் ஆப்பைத் தட்டி, முட்டுக்கொடுத்திருந்த முண்டை மாற்றி, மாமாவையே திரும்பப் பிடிக்கச் சொன்னார். சரி வந்த பிறகுதான் தேங்காய். இதை நான் இரண்டு விதமாக யோசித்தேன். மாமா வந்திருக்காவிட்டால் அந்த இரண்டு நூல் அப்படியே போயிருக்கும், அது பாஸின் பிழை. ஆனால் சடங்கு இல்லாவிட்டால் மாமா திருக்கோவிலில் இருந்து வந்திருக்கவே மாட்டார். சம்பளம் கேட்காத பரிசோதகர் பத்துப் பேரைச் சாப்பாட்டோடு வேலை நடக்கிற இடத்துக்குக் கூப்பிட வேறு என்ன வழி இருக்கிறது?

நிலையையும் வைகாசி முதல் வாரத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளித்தான் வைத்தார். ஊரில் வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்துவிட்டால் கடைசி நாள் குளிர்த்தி முடியும்வரை அவருடைய ஆட்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். அதுவும் கொப்பியில் இருந்தது. கதிர்காமத்துக்கு உகந்தை வழியாக நடந்து போகிற கூட்டத்தில் இரண்டு பையன்கள், ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் வேறு, திருக்கோவில் போகிறவர்கள் வேறு. வயரிங் செய்தவர் காத்தான்குடி முஸ்லிம் அண்ணன் ஒருவர், காக்கா என்போம், நோன்பு மாதத்தில் பின்னேர வேலை கிடையாது, அதையும் முன்கூட்டியே கணக்குப் பார்த்து வைத்திருந்தார். போன வருடம் என் கூட்டாளி ஒருவன் வேறு கொந்தராத்துக்காரரோடு பட்ட பாடு எனக்குத் தெரியும், ஆட்கள் ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு கிழமையும் சண்டை. இவர் ஆட்கள் வராத நாளை முதலே எழுதிவைத்துவிட்டு மிச்ச நாளுக்குத்தான் வேலை போட்டார். அடிக்கல்லுக்கு வாஸ்து நாள் இருந்தாலும் மற்றச் சடங்குகளுக்கு ஆடியில் நாள் கிடையாது, ஆனால் வேலை நிற்கவில்லை, சடங்கு எதுவும் தேவைப்படாத சுவர்க் கட்டு முழுவதையும் அந்த மாதத்துக்குள் ஏற்றிவிட்டார்.

சிலாப்புக்கு ஐயர் தந்த நேரம் காலை 6.10 முதல் 6.50. மிக்சர் மெசின் வந்து சேர்ந்தது எட்டு மணிக்குப் பிறகு. அம்மாவின் முகம் போன போக்கு! பாஸ் 6.20க்கே கையால் கொஞ்சம் கலவை போட்டு ஒரு தாச்சி நிரப்பி அம்மாவிடம் கொடுத்துக் கொட்டச் சொன்னார், ஆனால் சிலாப்பில் அல்ல, பின்வாசல் படிக்குப் பலகை அடித்து வைத்திருந்த இடத்தில். நான் ஏன் என்று கேட்டேன். ஒரு மூலையில் இப்போது கொட்டிவிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து மிச்சத்தைக் கொட்டினால் முதலில் போட்டது இறுகத் தொடங்கியிருக்கும், இரண்டும் ஒட்டாது, அந்தப் பொருத்தில்தான் நாளைக்குத் தண்ணீர் ஒழுகும் என்றார். நேரமும் தவறவில்லை, சிலாப்பும் எட்டரைக்குத் தொடங்கி ஒரே ஓட்டத்தில் மத்தியானத்துக்குள் முடிந்தது. பிறகு ஓரத்தில் சாந்தால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள்.

அதற்கு 19ஆவது நாள் முகடு ஏற்றல். ஆட்கள் வருகிறார்கள், முண்டையும் பலகையையும் கழற்றினால் வீடு வடிவாகத் தெரியும் என்று மாமாவே சொன்னார். பாஸ் அசையவில்லை. 21 நாளைக்கு முதல் தொடமாட்டேன், முழுப் பலம் வர 28 நாள் வேணும், படம் எடுக்கிறவர் பின்பக்கத்தில் நின்று எடுக்கட்டும் என்றார். எனக்கு அந்தக் கணத்தில் ஆள் மீது வந்த மரியாதை கொஞ்சமல்ல. முகட்டு வளைக்கு மஞ்சள் துணி கட்டி ஏற்றும்போது பீமுக்குள் இறக்கியிருந்த போல்ட்டுகளை அம்மா ஒவ்வொன்றாக எண்ணினார். சூறாவளி வருடம் அவருக்குப் பத்து வயது, கூரை போன பிறகு விடியும்வரை கட்டிலுக்குக் கீழே இருந்தாராம். பூசைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே "மனே, அந்த மூலையில ஒண்டு குறையுது" என்றார். உண்மையிலேயே குறைந்தது. துளைத்துப் போட்டார்கள்.

இனிக் குறை.

தங்கச்சியின் கல்யாணம் தையில். மார்கழியில் குடிபூர மாட்டோம். ஆகவே கார்த்திகைக்குள் குடிபூரல், ஐயர் தந்த நாள் மூன்றாவது வாரத்தில். உள்பூச்சு முடிந்தது ஐப்பசிக் கடைசியில். எங்கள் ஐப்பசி எப்படியென்று உங்களுக்குத் தெரியும், உடுப்பே நாலு நாளைக்குக் காயாது. புதுப் பூச்சு நல்ல வெயிலிலும் ஒரு மாதமாவது காய வேண்டும், பிறகுதான் பெயின்ட். மூன்று கிழமையில் அடித்தார்கள், அதுவும் மழையில். குடிபூரல் அன்றைக்கு வீடு பளபளவென்று இருந்தது. பசுவும் கன்றும் வந்தன, பால் பொங்கிற்று, புக்கை, வெற்றிலை வட்டா, நீற்றுப்பூசணி வெட்டு, எல்லாம் குறைவில்லாமல். பாஸுக்கும் ஓடாவிக்கும் வேட்டி, பையன்களுக்குச் சாரன், மிச்ச 20 வீதமும் வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாயிற்று. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மண்டபச் சுவரில் பெயின்ட் அப்பளம் மாதிரிக் கிளம்பியது. எந்தச் சுவர்? மாப்பிள்ளை வீட்டார் உட்காருகிற பக்கம்தான், வேறெங்கே.

இதில் எங்கள் பிழை பாதி. நாங்கள்தான் நெருக்கினோம், அவர் "கொஞ்சம் ஈரம் இருக்கு தம்பி" என்று ஒருமுறை சொன்னார், நான் காதில் போடவில்லை. ஆனால் ஒருமுறைதான் சொன்னார். சிலாப்புக்கு மாமாவையே எதிர்த்து நின்றவர் பெயின்டுக்கு நிற்கவில்லை. ஏன் என்று யோசித்தால், அவருடைய கொப்பியிலேயே காரணம் இருக்கிறது: கடைசி 20 வீதம் குடிபூரல் நாளில். சுவர் காய்ந்தால் காசு என்று எழுதியிருந்தால் அவர் வெயிலுக்குக் காத்திருப்பார், பால் பொங்கினால் காசு என்று எழுதினால் பாலுக்குத்தான் காத்திருப்பார். மற்ற நாலு சடங்கிலும் நாள் என்பது வேலைக்கு ஒரு விரட்டு. ஆட்கள் கூட இரண்டு மணித்தியாலம் நின்றால், சாமான் ஒரு நாள் முந்தி வந்தால் வேலை பிடிபட்டுவிடும். ஈரச் சுவரை அப்படி விரட்ட முடியாது. குடிபூரலை வெள்ளைச் சுவரோடு செய்திருக்கலாம், ஐயர் பெயின்ட் கேட்கவில்லை. கேட்டது நாங்கள், வீடியோவுக்காக.

பெரிய கொந்தராத்துகளில் கடைசியில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து ஒரு வருடம் குறை பார்த்துத்தான் விடுவார்கள். கூலிக் கொந்தராத்துக்கு அதைக் கேட்க எங்களுக்கு வெட்கம். கேளுங்கள். அவரும் ஒத்துக்கொள்வார், நான் பிறகு கேட்டபோது ஒத்துக்கொண்டார்.

மற்றச் சில்லறைக் குறைகள்: சாமான் எடுத்தால் பில் தரமாட்டார், நீங்கள்தான் கடையில் கேட்டு வாங்க வேண்டும். போன் எடுக்கமாட்டார், வட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவார், அதுவும் மிக்சர் மெசின் சத்தத்துக்குள். ஒவ்வொரு சடங்குக்கும் தட்சிணை, சாப்பாடு, சாரன் என்று ஒரு செலவு ஏறும், அதை முதலே கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு மொத்தத்தில் ஒரு அறைக்கு டைல்ஸ் போடுகிற காசு அதில் போயிற்று.

இந்துக்கள் வீட்டுக்கு மட்டும்தானா என்று ஒருவர் கேட்டார். இல்லை. சம்மாந்துறையில் கட்டினபோது மௌலவி வந்து துஆ ஓதித் தொடங்கினார்களாம், அம்பாறை டவுனில் ஒரு சிங்கள வீட்டுக்கு நெகத் (சுபநேரம்) பார்த்து நிமிடக் கணக்கில் கல் வைத்தார்களாம். கொப்பி ஒன்றுதான், தலைப்பு மட்டும் மாறும். "நேரம் சொல்லுற ஆள் வேற தம்பி, அவசரப்படுற ஆக்கள் எல்லா இடத்திலயும் ஒரே மாதிரித்தான்" என்றார்.

பங்குனியில் நல்ல வெயில் பிடித்ததும் அவரே இரண்டு பையன்களோடு வந்து மண்டபச் சுவரைச் சுரண்டி, பத்து நாள் காயவிட்டு, திரும்ப அடித்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை, பெயின்ட் மட்டும் எங்களுடையது. இந்த மழைக்கு இதுவரை ஒன்றும் கிளம்பவில்லை, நேற்றும் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன்.

சின்னத் தங்கச்சியின் வீட்டுக்கு வாற மாசி 22 அடிக்கல், இதே பாஸ்தான், கடைசி 10 வீதம் குடிபூரலுக்குப் பிறகு வருகிற பங்குனியில் என்று கொப்பியில் எழுதியாயிற்று. குடிபூரலுக்கு இன்னும் நாள் கேட்கவில்லை. அம்மா பஞ்சாங்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார், அது என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருக்கிறது.